கிணற்றடி குரோட்டன்ஸைச் சென்னைக்குக் கொண்டுவர வேண்டும்: வெட்டி வைக்கும் குச்சி எல்லாம் அழுகுகிறது, வழி சொல்லுங்கள்

ஓட்டுவீடு | ஜூன் 9

வணக்கம். மாயவரம் பக்கத்தில் எங்கள் பூர்வீக வீட்டை விற்றுவிட்டோம். வாங்கியவர் நல்ல மனிதர். ஆடி முடியும்வரை கை வைக்க மாட்டேன், ஆவணி பிறந்ததும் இடித்துவிடுவேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். அந்த வீட்டிலிருந்து எனக்கு வேண்டியது ஒன்றுதான்: கிணற்றடியில் நிற்கும் குரோட்டன்ஸ். நான் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் அம்மா வைத்தது. இப்போது பத்தடி உயரம் இருக்கும். இலை நீளமாக, திருகு திருகாக, பச்சையில் மஞ்சளும் சிவப்பும் தெறித்த மாதிரி. தெற்குப் பக்கத்தில் ஒரு கிளை மட்டும் தனி ரகம். இலை முழுக்க மஞ்சள், நடு நரம்பு ரத்தச் சிவப்பு. கொலுவுக்குப் பித்தளைச் சொம்பில் அம்மா வைப்பது அந்தக் கிளையின் இலையைத்தான்.

தை மாதம் போனபோது பன்னிரண்டு குச்சி வெட்டிக்கொண்டு வந்தேன். ஆறைத் தண்ணீர் பாட்டிலில் வைத்தேன், ஆறை மண்ணில் நட்டேன். பாட்டிலில் இருந்தவை அடியில் கறுத்து வழவழவென்று ஆகிவிட்டன. மண்ணில் இருந்தவை இலையை ஒவ்வொன்றாக உதிர்த்தன. ஒரு மாதம் கழித்து லேசாக இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. ஒன்றுகூடத் தேறவில்லை.

சென்னையில் மூன்றாவது மாடி, கிழக்குப் பார்த்த பால்கனி. மரத்தையே வேரோடு பெயர்த்துக் கொண்டுவர முடியுமா?


பதியன் | ஜூன் 9

தம்பி, பத்தடிச் செடியைப் பெயர்க்கலாம். ஆனால் மூன்றாவது மாடியில் எங்கே வைப்பீர்கள்? அதை விடுங்கள்.

முதலில் தை மாதத்தில் நடந்ததைச் சொல்கிறேன். இராத்திரி குளிர்ந்து கிடக்கும் மாதத்தில் குரோட்டன்ஸ் குச்சி வேர்விட யோசிக்கும். அது சூடும் ஈரக்காற்றும் உள்ள ஊர்ச் செடி. வேர் வராத குச்சிக்குத் தண்ணீர் குடிக்க வாயே கிடையாது, இலை மட்டும் மூச்சுக்கு மூச்சு நீரை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். எத்தனை இலையோடு வைத்தீர்கள்? அழகாக இருக்கிறதே என்று பத்துப் பன்னிரண்டு இலையை விட்டிருப்பீர்கள். செடி வாடுவதைப் பார்த்துப் பயந்து இன்னும் தண்ணீர் ஊற்றியிருப்பீர்கள். மேலே தாகம், கீழே வெள்ளம். அழுகாமல் என்ன செய்யும்?

உங்களுக்குக் கால அவகாசம் ஒன்பது, பத்து வாரம். பிரிக்க முடியாத செடி, மறுபடி கிடைக்காத செடி. இதில் குச்சியை நம்பாதீர்கள், பதியம் போடுங்கள். மண்பதியம் இல்லை, கிளையிலேயே போடும் விண்பதியம்.

சுண்டுவிரல் பருமன் உள்ள, நேராகப் போகிற கிளையாகப் பாருங்கள். நுனியிலிருந்து ஒன்று, ஒன்றரை அடி கீழே, ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழாகக் கத்தியால் சுற்றி ஒரு கோடு. அதற்கு ஓர் அங்குலம் கீழே இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவில் உள்ள பட்டையை வளையம் மாதிரி உரித்து எடுத்துவிடுங்கள். பால் வடியும். ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள், கண்ணில் படக்கூடாது, சட்டையில் பட்டால் கறை போகாது. இப்போதுதான் எல்லாரும் தவறு செய்கிற இடம். பட்டை போன பிறகு கட்டை மேல் வழுக்கலாக ஒரு மெல்லிய படலம் இருக்கும். கத்தியின் முதுகால் அதைச் சுரண்டிவிட வேண்டும். விட்டால் செடி பத்து நாளில் புண்ணை மூடிப் புதுப் பட்டை கட்டிக்கொள்ளும், வேர் வராது.

அப்புறம் ஊறவைத்துப் பிழிந்த தென்னை நார்த்தூளை ஒரு கைப்பிடி அளவு அந்த இடத்தைச் சுற்றி வைத்து, கண்ணாடி மாதிரித் தெரிகிற பிளாஸ்டிக் தாளால் சுற்றி, மேலும் கீழும் இறுக்கிக் கட்டுங்கள். பிழிந்தால் சொட்டு விழக்கூடாது, உள்ளங்கை ஈரமாக வேண்டும், அந்தப் பதம். இலை செய்கிற சாப்பாடு பட்டை வழியாகத்தான் கீழே இறங்கும். வழியை அறுத்துவிட்டதால் அது வளையத்துக்கு மேலேயே தேங்கி நிற்கும், அங்கேதான் வேர் கிளம்பும். தண்ணீர் நடுக்கட்டை வழியாக ஏறுவதால் கிளை வாடாது. தாய் மடியில் இருந்துகொண்டே தனிக்குடித்தனத்துக்குத் தயாராகிற பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று போடாதீர்கள். ஏழெட்டுப் போடுங்கள்.


ராஜி_மொட்டைமாடி | ஜூன் 10

பதியன் ஐயா சொல்வது சரி, ஆனால் குச்சியை இவ்வளவு கேவலப்படுத்த வேண்டாம்! என் மாடியில் இருக்கும் பதினோரு குரோட்டன்ஸும் குச்சியில் வந்தவைதான். பென்சில் பருமன், அரை அடி நீளம், நுனியில் மூன்று நாலு இலை, அந்த இலையையும் பாதியாகக் கத்தரித்துவிடுவேன். வெட்டின வாயைக் கழுவிப் பால் நின்ற பிறகு வேர் ஊக்கிப் பொடியில் தொட்டு, ஆற்று மணலும் தேங்காய் நாரும் பாதிப் பாதி கலந்த சின்னப் பையில் நட்டு, மேலே ஒரு பெரிய பிளாஸ்டிக் கவரைக் கவிழ்த்துவிடுவேன். கவரின் உள்பக்கம் வியர்த்து நிற்கும். ஐந்தாறு வாரம் திறக்கவே மாட்டேன். பத்தில் ஆறு தேறும். சித்திரை முடிந்து ஆவணிக்குள் வைத்தால் எட்டுகூடத் தேறும்.

தண்ணீர் பாட்டிலிலும் எனக்கு வந்திருக்கிறது. இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.


பதியன் | ஜூன் 10

வாம்மா ராஜி. பாட்டிலில் வேர் வரும், இல்லை என்று சொல்லவில்லை. தண்ணீரில் வந்த வேர் கண்ணாடி மாதிரி. மண்ணுக்கு மாற்றும்போது பாதி ஒடிந்துபோகும், மீதி மண்ணோடு பழகுவதற்குள் செடி அலுத்துவிடும். மணி பிளான்டுக்குச் சரி, கோலியஸுக்குச் சரி. குரோட்டன்ஸுக்கு எதற்கு அந்த வம்பு?


கிள்ளான்காரன் | ஜூன் 11

மலேசியாவில் இருந்து எழுதுகிறேன். இங்கே மலாய்க்காரர்கள் இதைப் ‘புடிங்’ என்கிறார்கள். மலாய் இடுகாடுகளில் கல்லறைக்குத் தலைமாட்டில் இதை நட்டு வைக்கிற வழக்கம் உண்டு, அதனால் சில வீடுகளில் வாசலில் வைக்கத் தயங்குவார்கள். எங்கள் தாத்தா எஸ்டேட் லயத்துக்கு முன்னால் வேலியாகவே வைத்திருந்தார். கிளையை ஒடித்துக் குத்திவிட்டால் வந்துவிடும். கவரும் கிடையாது, பொடியும் கிடையாது.

நீங்கள் எல்லாம் இவ்வளவு பாடு படுவதைப் பார்த்து ஆச்சரியமாக இருக்கிறது.


பதியன் | ஜூன் 11

உங்கள் ஊரில் வருஷம் முழுக்க மழை, காற்றே ஈரத்துணி மாதிரி. இந்தோனேசியா, மலேசியா, பசிபிக் தீவுகள், அதுதான் அந்தச் செடியின் பிறந்த வீடு. ராஜி கவிழ்க்கிற பிளாஸ்டிக் கவர் வேறு ஒன்றும் இல்லை, உங்கள் கிள்ளானை அரை அடி உயரத்துக்குச் செய்துகொள்கிறார்!


புதுத்தளிர் | ஜூன் 12

நடுவில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும், தனி இழை தொடங்கத் தெரியவில்லை. மூன்று கோலியஸ் வாங்கினேன், ஒன்று ரத்தச் சிவப்பு, ஒன்று பச்சையும் ஊதாவும். வாங்கும்போது குடை மாதிரி இருந்தது. இப்போது நெட்டையாக வளர்ந்து, கீழே இலை இல்லாமல், மேலே நீலமாகப் பூ வருகிறது. நிறமும் மங்குகிறது. பூ வந்தால் நல்லதுதானே?


சிறுகிழங்கு | ஜூன் 12

பூ வந்தால் கிள்ளி எறியுங்கள். கோலியஸுக்குப் பூ என்றால் ‘என் வேலை முடிந்தது’ என்று அர்த்தம். விதை கட்டப் போய் இலையை மறந்துவிடும். நுனியை இரண்டு கணு விட்டுக் கிள்ளினால் அந்த இடத்தில் இரண்டு கிளை வரும், மறுபடி குடையாகும். கிள்ளிய நுனியைத் தண்ணீரில் போடுங்கள், ஒரு வாரம் பத்து நாளில் வெள்ளை வேர் தெரியும். நிறம் மங்குவது வெளிச்சக் குறைவால் இருக்கலாம். காலை வெயில் ஒரு இரண்டு மணி நேரம் கொடுங்கள், மத்தியான வெயில் வேண்டாம், கருகும். ஒரே செடியை வருஷக்கணக்கில் காப்பாற்றப் பார்க்காதீர்கள். ஆறேழு மாதத்துக்கு ஒருமுறை நுனியை வைத்துப் புதுச் செடி, பழையதைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

இது ஏதோ அந்நியச் செடி என்று நினைக்கிறோம். நம் வீட்டு ஓமவல்லியை, அதுதான் சளிக்குப் போடுகிற கற்பூரவள்ளியை, ஒடித்து மோந்து பாருங்கள். தண்டைத் தொட்டுப் பாருங்கள், நாலு பட்டையாக இருக்கும். கோலியஸ் தண்டும் அதே நாலு பட்டைதான். இரண்டும் ஒரே இனத்து உறவு. திருநெல்வேலிக்காரன் நான் இன்னொன்றும் சொல்ல வேண்டும்: பொங்கலுக்கு எங்கள் ஊரில் சிறுகிழங்குப் பொரியல் இல்லாமல் இலை போட மாட்டார்கள். அதுவும் கோலியஸ்தான். தாவரவியல்காரர்கள் இந்தக் குடும்பத்துக்குப் பெயர் மாற்றி மாற்றி, சொலனோஸ்டெமான் என்றார்கள், பிளெக்ட்ராந்தஸ் என்றார்கள், 2019-இல் திரும்பவும் கோலியஸுக்கே வந்துவிட்டார்கள். நர்சரிக்காரர் பெயரை மாற்றவே இல்லை, அவர்தான் ஜெயித்தார்.


ஓட்டுவீடு | ஜூன் 15

நேற்று ஊருக்குப் போய் ஏழு பதியம் போட்டுவிட்டு வந்தேன். கை முழுக்கப் பால், வேட்டி போச்சு. பக்கத்து வீட்டு அத்தை வந்து பார்த்துவிட்டு, ‘செடிக்கு எதுக்குடா மாவுக்கட்டு?’ என்று கேட்டார்.

ஒரு சந்தேகம். அந்த மஞ்சள் கிளையில் இரண்டே இரண்டு இடம்தான் பதியத்துக்குத் தோதாக இருந்தது. இரண்டும் தவறிவிட்டால்? மற்றக் கிளைகளில் போட்டது வளர்ந்தால் அதிலும் பிற்பாடு மஞ்சள் வருமா? மரத்தில் சின்னச் சின்னக் காய்கூட இருக்கிறது. விதை எடுத்துப் போட்டால்?


பதியன் | ஜூன் 15

வராது. மஞ்சள் வேண்டுமானால் மஞ்சள் கிளைதான்.

என்ன நடந்திருக்கிறது என்றால், எப்போதோ அந்தக் கிளை மொட்டாக இருக்கும்போது அதன் உயிரணுவில் ஏதோ ஒரு மாற்றம் ஏற்பட்டுவிட்டது. அந்த மொட்டிலிருந்து வந்ததெல்லாம் மஞ்சள். நர்சரியில் இதை ‘ஸ்போர்ட்’ என்பார்கள். குரோட்டன்ஸ் இதற்குப் பேர்போன செடி. கடையில் இத்தனை ரகம் பார்க்கிறோமே, அதில் பல இப்படி ஒரு கிளையிலிருந்து பிரித்தவை. வெட்டியோ பதியம் போட்டோ எடுத்தால்தான் அந்தக் குணம் அப்படியே வரும். விதையில் வராது. ஆமணக்குக் குடும்பம், காயைப் பிளந்தால் ஆமணக்கு மாதிரியே மூன்று விதை இருக்கும். அந்த மூன்றும் மூன்று விதமாக முளைக்கும், எதுவும் தாய் மாதிரி இருக்காது. பொழுதுபோக்குக்குப் போட்டுப் பாருங்கள், புதுசாக ஏதாவது கிடைத்தால் அதிர்ஷ்டம். அம்மாவின் செடி கிடைக்காது.


ராஜி_மொட்டைமாடி | ஜூன் 16

இதே பாடத்தை நான் பாம்புச் செடியில் படித்தேன். நம் ஊர் மருளுக்கு உறவுக்காரச் செடி, ஓரத்தில் மஞ்சள் பட்டை போட்டது. ஓர் இலையை நாலு துண்டாக வெட்டி மணலில் குத்திவைத்தேன். மூன்று மாதம் பொறுத்து நாலு கன்று. நாலும் வெறும் பச்சை! அந்த மஞ்சள் ஓரம் இலையின் ஒரு அடுக்கில் மட்டும் இருக்கிற குணமாம், இலைத் துண்டிலிருந்து கிளம்பும் கன்றுக்கு அது போய்ச் சேராது. கிழங்கோடு பிரித்து நட்டால்தான் மஞ்சள் ஓரம் நிற்கும். நூற்று எண்பது ரூபாய் கொடுத்து வாங்கி, ஓசியில் கிடைக்கிற செடியை நாலு செய்தேன்.


சாம்பல்பூனை | ஜூன் 18

வீட்டில் பூனை இருக்கிறது. குரோட்டன்ஸ் விஷம், வயிற்றைக் கலக்கிக் கொல்லும், அதன் எண்ணெயை மருந்துக்கு எடுப்பார்கள் என்று படித்தேன். பால்கனியில் வைக்கலாமா?


சிறுகிழங்கு | ஜூன் 18

பெயர்க் குழப்பம். எண்ணெய் எடுக்கிற ‘குரோட்டன்’ நம் சித்த வைத்தியத்தில் பேதிக்குக் கொடுக்கும் நேர்வாளம். அது வேறு செடி. தாவரவியலில் உண்மையான குரோட்டன் அதுதான். நம் வாசலில் நிற்பதன் பெயர் கோடியேயம், குரோட்டன்ஸ் என்பது பழக்கத்தில் ஒட்டிக்கொண்டது. அதற்காக இது சாதுவும் இல்லை. பால் தோலில் பட்டால் சிலருக்கு அரிக்கும், பூனை மென்றால் வாயும் வயிறும் எரியும். எட்டாத உயரத்தில் வையுங்கள். சேம்புக் குடும்பத்துக் கலேடியம், அக்லோனிமா இவற்றை இன்னும் தள்ளி வையுங்கள். கருணைக்கிழங்கு நாக்கை அரிக்குமே, அதே ஊசிப் படிகம் இந்தச் செடிகளின் இலையிலும் இருக்கிறது.

பூனைக்கு ஏதாவது கொடுக்க ஆசையாக இருந்தால் குப்பைமேனியை வேரோடு பிடுங்கிப் போடுங்கள். பூனைவணங்கி என்று அதற்குப் பெயரே உண்டு, உருண்டு புரளும். பூங்காக்களில் செம்பு நிறத்தில் வேலி கட்டுகிற அகலிஃபா இருக்கிறதே, அது குப்பைமேனிக்குத் தங்கச்சி.


ஓட்டுவீடு | ஜூலை 20

ஐந்து வாரம் ஆகிறது. அத்தை போட்டோ அனுப்பினார். ஏழில் இரண்டு காலி: ஒன்றை அணில் கிழித்து நாரைப் பிய்த்துக்கொண்டு போய்விட்டது, இன்னொன்றில் எறும்பு புற்று வைத்துவிட்டது. மூன்றில் பிளாஸ்டிக் வழியாக வெள்ளை வேர் தெரிகிறது. மஞ்சள் கிளையில் உள்ள இரண்டில் ஒன்றில் வெறும் புடைப்பு, இன்னொன்றில் எதுவுமே இல்லை. கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.


பதியன் | ஜூலை 20

புடைப்பு வந்தால் வேர் வரப்போகிறது என்று அர்த்தம். மஞ்சள் இலையில் பச்சையம் குறைவு, சாப்பாடு செய்கிற அடுப்பே சின்னது. அது மெதுவாகத்தான் வரும். எதுவுமே தெரியாததைப் பிரித்துப் பாருங்கள். பட்டை மூடியிருந்தால் நீங்கள் சுரண்டாமல் விட்டிருக்கிறீர்கள். மறுபடி சுரண்டிக் கட்டுங்கள். எறும்பு வந்த இடத்தில் கட்டுக்கு மேலும் கீழும் கிளையில் கொஞ்சம் கிரீஸ் தடவிவிடுங்கள்.

வெள்ளை வேர் பழுப்பாகிற வரைக்கும் வெட்டாதீர்கள். ஆடிக் கடைசி வரை நேரம் இருக்கிறது.


ஓட்டுவீடு | ஆகஸ்ட் 10

கொண்டுவந்துவிட்டேன்! தெறிப்பு ரகத்தில் மூன்று, மஞ்சளில் ஒன்று. மஞ்சளில் இன்னொன்று (ஐயா சொன்னபடி பட்டை மூடியிருந்தது) போனது போனதுதான். கட்டுக்குக் கீழே வெட்டி, இலையில் பாதியைக் கத்தரித்து, ஈரச்சாக்கில் சுற்றி, இராத்திரி ரயிலில் மேல் படுக்கையில் செடிகளைப் படுக்கவைத்து, நான் உட்கார்ந்துகொண்டே வந்தேன். பிளாஸ்டிக்கை மட்டும் எடுத்தேன், நாரைப் பிரிக்கவில்லை. செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒன்று, மண்புழு உரம் ஒன்று. சரிதானே?


பதியன் | ஆகஸ்ட் 10

சரி. நிழலில் வையுங்கள். போர்த் தண்ணீர் ஊற்றாதீர்கள். சென்னையில் பல இடங்களில் உப்பு, இலை ஓரம் கருகும். ஆர்.ஓ. எந்திரம் கழிக்கிற தண்ணீரையும் செடிக்கு ஊற்றாதீர்கள், உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. குடிக்கிற தண்ணீரில் ஒரு சொம்பு போதும்.


ஓட்டுவீடு | ஆகஸ்ட் 23

மஞ்சள் செடி எல்லா இலையையும் கொட்டிவிட்டது. மொட்டைக் குச்சியாக நிற்கிறது. வீட்டையும் திங்கட்கிழமை இடித்துவிட்டார்கள், திரும்பிப் போய் எடுக்க ஒன்றும் இல்லை.


ராஜி_மொட்டைமாடி | ஆகஸ்ட் 23

பதறாதீர்கள். இடம் மாற்றினால் இலையைக் கொட்டுவது இதன் பழக்கம், கடையிலிருந்து வாங்கி வந்ததே கொட்டும். நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சையாக இருந்து பால் கசிந்தால் உயிர் இருக்கிறது. இலை இல்லாத செடி தண்ணீர் குடிக்காது, அதனால் ஊற்றுவதை நிறுத்துங்கள். விரலை விட்டுப் பார்த்து இரண்டாம் கணு வரை காய்ந்த பிறகு கொஞ்சம். உரம் கூடவே கூடாது. பெரிய பிளாஸ்டிக் கவரைக் கவிழ்த்துவிட்டு அந்தப் பக்கமே போகாதீர்கள்.


ஓட்டுவீடு | ஆகஸ்ட் 23

சுரண்டினேன். பச்சை. ஒரு பொட்டுப் பாலும் வந்தது.


ஓட்டுவீடு | செப்டம்பர் 21

துளிர் வந்துவிட்டது, ஆறு இலை. ஆனால் எல்லாம் பச்சை! மஞ்சள் கிளையில் எடுத்ததற்கு ஏன் பச்சை இலை வருகிறது? தாய்ச்செடிக்கே திரும்பிவிட்டதா? இலைக் காம்பில் பஞ்சு மாதிரி வெள்ளையாகவும் ஏதோ இருக்கிறது.


பதியன் | செப்டம்பர் 21

வெள்ளைப் பஞ்சு மாவுப்பூச்சி. பஞ்சால் துடைத்துவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய ஒரு துளி சோப்பு, சாயங்காலத்தில் இலைக்கு அடியில் தெளியுங்கள். வாரம் ஒருமுறை, மூன்று தடவை.

பச்சைக்கு இப்போதே தீர்ப்பு எழுதாதீர்கள். இரண்டு காரணம் இருக்கலாம். குரோட்டன்ஸில் பல ரகங்களுக்கு இளம் இலை பச்சையாக வந்து முற்றும்போதுதான் நிறம் ஏறும். அதோடு நீங்கள் ஆறு வாரமாக நிழலில் வைத்திருக்கிறீர்கள். வெளிச்சம் குறைந்தால் செடி பச்சையத்தைக் கூட்டிக்கொள்ளும், மஞ்சளும் சிவப்பும் அதற்கு அடியில் மறைந்துவிடும். மெல்ல மெல்ல வெயிலுக்குப் பழக்குங்கள். முதல் வாரம் காலை ஏழு முதல் எட்டு, அடுத்த வாரம் ஒன்பது வரை. உங்கள் கிழக்குப் பால்கனி இதற்கு வரம். ஒரேயடியாக வெயிலில் தள்ளினால் இருக்கிற ஆறும் வெந்துவிடும்.

ஒரு கிளை முழுக்கத் தெறிப்பு ரகமாகவே வந்தால் அதை மட்டும் அடியோடு வெட்டிவிடுங்கள். அது வேகமாக வளர்ந்து மஞ்சளை அமுக்கிவிடும்.


ஓட்டுவீடு | அக்டோபர் 17

ஏழாவது இலை பாதி மஞ்சள். எட்டாவது, ஒன்பதாவது முழு மஞ்சள், நடுவில் அந்தச் சிவப்பு நரம்பு. கொலு தொடங்கிவிட்டது. இலை கிள்ள மனம் வரவில்லை, தொட்டியையே படிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டோம். அம்மா வந்து பார்த்துவிட்டு, ‘இது நம்ம கிணத்தடி மாதிரியே இருக்கே, எங்கே வாங்கினே?’ என்று கேட்டார். சொல்லவில்லை. தெறிப்பு ரகம் மூன்றில் ஒன்றைத் தங்கை கொண்டுபோய்விட்டாள்.


கிள்ளான்காரன் | அக்டோபர் 17

போட்டோ போடுங்கள் ஐயா. ஊரில் புடிங் இவ்வளவு மஞ்சளாக வருமா என்று பார்க்க வேண்டும்.


சிறுகிழங்கு | அக்டோபர் 18

அடைமழை தொடங்கப் போகிறது. தொட்டிக்கு அடியில் தட்டு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள், தண்ணீர் தேங்கக்கூடாது. கொலு முடிந்ததும் செடியைப் பால்கனிக்குத் திருப்பிக் கொண்டுபோகவும் மறக்காதீர்கள். பத்து நாள் வீட்டுக்குள் இருந்தாலே மறுபடி ஒரு இலை கொட்டும்.


ராஜி_மொட்டைமாடி | அக்டோபர் 18

மஞ்சளில் எனக்கு ஒரே ஒரு குச்சி. இப்போது வேண்டாம், செடி தாங்காது. வைகாசியில் கேட்கிறேன், கூரியர் செலவு என்னுடையது.


ஓட்டுவீடு | அக்டோபர் 18

கட்டாயம், அக்கா.


பதியன் | அக்டோபர் 18

கொடுங்கள். பாட்டிலில் போட மாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள்.